வைகாசியில் எர்த் பார்க்க வேண்டும்

கோவில்பட்டி வட்டாரத்தில் மின் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகிறவர் முதலில் எர்த் குழியைப் போய்ப் பார்க்க வேண்டும். வகுப்பு அப்புறம். வைகாசி மாதமாக இருந்தால் நல்லது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையை விடலாம். எர்த் குழாயை ஒட்டியே வெடிப்பு ஓடியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மேலே சிமென்ட் தொட்டி, மூடி, பெயின்டில் எழுதிய குழி எண், சோதித்த தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூடியைத் தூக்கிவிட்டு ஓர் ஊதுவத்திக் குச்சியைக் குழாயின் ஓரமாக இறக்கினால் தடையில்லாமல் உள்ளே போகும். அந்த ஆழம் வரைக்கும் குழாய் மண்ணைத் தொடவில்லை என்று அர்த்தம்.

நனைந்த கரிசல் எர்த்துக்கு அருமையான மண். செம்மண்ணும் சரளையும் அதற்குக் கிட்டே வர முடியாது. கார்த்திகையில் எர்த் டெஸ்டரை வைத்தால் இரண்டு மூன்று ஓம் காட்டுகிற குழி, வைகாசியில் அதைப் போலப் பல மடங்கு காட்டும். ஈரத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் மான்ட்மாரில்லோனைட் என்கிற களிமண் தாதுவின் குணம். கரிசலின் களிமண்ணில் பெரும்பகுதி அதுதான்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறை, மின்சாரம் வழங்குபவரின் எர்த்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது வறண்ட பருவத்தில், வறண்ட நாளில் சோதிக்கச் சொன்னது. அந்த வார்த்தைகளை ஒவ்வொரு ஆலையிலும் எழுதி ஒட்ட வேண்டும். நடப்பில், லைசென்ஸ் புதுப்பிக்க ரிப்போர்ட் எப்போது வேண்டுமோ அப்போது சோதிக்கிறார்கள். அது மழைக்காலமாக அமைந்துவிட்டால் ரிப்போர்ட் அழகாக வந்துவிடும்.

*

குழிக்குப் போடப் பெண்டோனைட் மூட்டை விற்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி மான்ட்மாரில்லோனைட்தான். ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஈரமே காட்டாமல் விட்டால் அதுவும் சுருங்கும் என்பதும் உண்மை. கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது பழைய முறை. உப்பு மழையோடு கரைந்து இறங்கிவிடும், இருக்கிற வரை இரும்புக் குழாயை அரிக்கும். எதைப் போட்டாலும் பங்குனியிலிருந்து குழிக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

ஊற்றுவது யார்? "யாராவது ஊத்திருவாங்க சார்" என்று பதில் வந்தால் ஊற்றுவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜின்னிங் ஆலையில் வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற அக்காவிடமே எர்த் குழிகளையும் ஒப்படைத்தார்கள். சும்மா ஒப்படைக்கவில்லை. எதற்காக ஊற்றுகிறோம், ஊற்றாவிட்டால் உள்ளே மிஷின் உடம்பில் என்ன நடக்கும் என்று உட்காரவைத்துச் சொன்னார்கள். அடுத்த முறை நான் போனபோது, நாலாவது குழியில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்காமல் கீழே ஓடுகிறது, பக்கத்தில் பெரிய வெடிப்பு இருக்கிறது என்று அவர்தான் வந்து காட்டினார். அந்தக் குழியைத் தோண்டி, வெடிப்பை மண் போட்டு இடித்துக் கெட்டித்து, குழாயை மாற்றினார்கள். பயிற்சி என்று நான் நினைப்பது இதைத்தான்.

*

கரும்பலகையில் போடுகிற ஒரு கணக்கு.

மோட்டாருக்குள் இன்சுலேஷன் போய் ஃபேஸ் ஒயர் அதன் உடம்பைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட். எர்த் 10 ஓம். வகுத்தால் 23 ஆம்பியர். லைனில் இருப்பது 32 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியருக்கு அது விழாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும்; உடம்பில் கரண்டும் இருக்கும்; யாராவது வந்து கை வைக்கும் வரை யாருக்கும் தெரியாது.

"அதான் எர்த் குடுத்திருக்கே சார்?" என்று எப்படியும் ஒருவர் கேட்பார். எர்த் கொடுத்ததாலேயே ஆபத்து நீங்கிவிட்டது என்ற நம்பிக்கையை இந்த ஒரு கணக்கு உடைத்துவிடும். எம்.சி.பி. ஒயர் எரியாமல் காப்பது. ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரிக்குச் சரியா என்று, கேட்டில் நின்று பண்டல் எண்ணுகிறவரைப் போல அது எண்ணிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே லைனை வெட்டிவிடும்.

அதன் முகத்தில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்க வேண்டும். விழுந்தால் கருவி வேலை செய்கிறது. விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பஞ்சுத் தூசும் மருந்துத் தூசும் படிந்து இறுகிப்போன கருவிகள் இங்கே நிறைய. பொத்தானை அமுக்க ஒயர்மேன் தேவையில்லை. வகுப்பில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அமுக்கவைக்க வேண்டும். பட்டென்று விழும் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள், சிரிப்பார்கள். அப்புறம் மறக்க மாட்டார்கள்.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. அதற்கு அவரும் ஒரு பல்புதான்.

*

எவ்வளவு கரண்டு பாய்ந்தால் கை மாட்டிக்கொள்ளும் என்று ஒருவர் அளந்த கதையைச் சொன்னால் கவனமாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் மெல்ல மெல்லக் கரண்டை ஏற்றி, எந்த அளவு வரைக்கும் பிடித்த கம்பியைத் தாமாக விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 1961-இல் அவரே, கசியும் கரண்டைப் பார்த்து லைனை வெட்டும் கருவியைச் செய்தார்.

பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எடுப்பது 260 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் பாதிகூட வேண்டாம். "கரண்டு இழுத்துப் பிடிச்சுக்கிடும்" என்று ஊரில் சொல்வது அனுபவத்தில் சரி. பிடித்துக்கொள்வது நம் கைதான்.

பெண்களின் சராசரி குறைவு என்பது எங்கள் பகுதிக்கு முக்கியம். தீப்பெட்டி ஆபீஸிலும் கடலைமிட்டாய்க் கூடத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயிற்சிக்குக் கூப்பிடுவது எலக்ட்ரீசியனையும் ஃபோர்மேனையும்.

*

"கரண்டு விஷயமெல்லாம் எலக்ட்ரீசியன் தம்பி பாத்துக்கிடும். நாங்க எதுக்கு சார் கத்துக்கிடணும்?"

"அந்தத் தம்பி இப்ப எங்க இருக்கு அக்கா?"

"அது... இன்னொரு ஆபீஸ்ல மோட்டார் ஓடலைன்னு போயிருக்கு."

கேட்ட இடம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். நாலைந்து யூனிட்டுக்கு ஒரே எலக்ட்ரீசியன், ஒரே எக்ஸ்.எல். வண்டி. ஒருவரைக் கரண்டு பிடித்தால் அந்தத் தம்பி வண்டியைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதயம் நின்ற மூன்று நான்கு நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கிறது. அந்த நேரத்துக்குள் எட்டக்கூடியவர் பக்கத்து இடத்தில் குச்சி அடைத்துக்கொண்டிருக்கும் மதினிதான்.

அதனால் முதல் பாடம், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து மெயின் சுவிட்சு வரைக்கும் நடந்து போவது. ஒவ்வொருவராக. போய்க் கையை வைத்து ஆஃப் செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் அதே கூடத்தில் வேலை செய்தவர்கள் அன்றுதான் முதல் முறையாக அந்தக் கைப்பிடியைத் தொடுவார்கள். வழியில் பண்டல் அடுக்கியிருக்கும். பெயின்ட் டிரம் நிற்கும். சுவிட்சு போர்டுக்கு முன்னால் யாரோ சைக்கிளைச் சாய்த்திருப்பார்கள். பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பதை மேனேஜர் தன் கண்ணால் பார்க்கும்போது, நான் சொல்ல வேண்டிய வேலை மிச்சமாகிவிடுகிறது.

*

காப்பாற்றும் பாடம்.

தொடாதே. சுவிட்சை அணை. அணைக்க முடியாவிட்டால் காய்ந்த கம்பால் தள்ளு, காய்ந்த இடத்தில் நின்று தள்ளு. தள்ளிய பின் மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், அழுத்துகிறவர் நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கிராமங்களில் இன்னும் ஒன்று நடக்கிறது. கரண்டு அடித்தவரை மண்ணில் புதைத்து, தலையை மட்டும் வெளியே விட்டால், உடம்பில் ஏறிய கரண்டை மண் இழுத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். உடம்பில் கரண்டு தங்காது. லைன் துண்டித்த நொடியே அது போய்விட்டது. மிச்சம் இருப்பது நின்றுபோன அல்லது துடிதுடிக்கிற இதயம். குழி தோண்டுகிற பத்து நிமிடத்தில் அழுத்திக் காப்பாற்ற வேண்டிய உயிர் போகிறது. இதை நான் கடுமையாகவே சொல்வேன். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் சொல்வேன். நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கு ஒரு தலையணையாவது கையில் இல்லாமல் இந்த வகுப்பு எடுக்கக் கூடாது. கேட்டு வருகிற வித்தை இல்லை இது.

அறுந்து தரையில் கிடக்கும் 11 கே.வி. கம்பி வேறு கணக்கு. கம்பு, செருப்பு எதுவும் உதவாது. கிட்டே போகவே கூடாது. சுற்றி உள்ள தரையிலேயே கரண்டு பரவியிருக்கும். ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். மின்னகம் எண் 94987 94987. சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதிவைக்கலாம்.

*

நேர் எதிரான இரண்டு பாடங்கள்.

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர், எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பருத்தித் துணி உடுத்த வேண்டும். நைலான், பாலியெஸ்டர் ஆகாது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் உடனுக்குடன் தரைக்குப் போய்விட வேண்டும். அங்கே விரிக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பும் கரண்டைக் கடத்துகிற வகை.

அதே ஆள் அடுத்த மாதம் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்கிறார். பேனல் போர்டுக்கு முன்னால் ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு. இது கடத்தாத வகை, ஐ.எஸ். 15652 முத்திரை இருக்க வேண்டும். இங்கே ரப்பர் மேல் நில், ரப்பர் உறை போடு, எர்த் ஆன எதையும் தொடாதே என்கிறோம். அங்கே எர்த்தைத் தொடு என்றார்கள். பார்வைக்கு இரண்டு விரிப்பும் ஒன்று.

கோடைக்குக் கோடை வேலை மாறுகிற ஊர் இது. ஆட்கள் தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கும், பட்டாசிலிருந்து மில்லுக்கும் போய்வருகிறார்கள். அந்தந்த ஆலையில் அந்தந்தப் பாடத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் குழப்பம் அவர்கள் தலையில் விழும். ஏன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: மருந்து அறையில் எதிரி தீப்பொறி, பேனலில் எதிரி நம் உடம்பு வழியாக ஓடும் கரண்டு. இதைச் சொன்னவுடன் வெம்பக்கோட்டையில் வேலை பார்த்த ஒரு பெண், "அப்ப அங்க உடம்பு வழியாப் போகட்டும்னு விடுறோம், இங்க போகக் கூடாதுன்னு தடுக்கிறோம்" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் அப்படியே சொல்கிறேன்.

*

நீல ஒயர்.

பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டிலிருந்து வரும் பேக்கிங் மிஷினில் பழுப்பு ஃபேஸ், இளநீலம் நியூட்ரல். நீலம் என்றால் நியூட்ரல்தானே என்று புது மிஷின் பழகிய பையன் பழைய போர்டில் கை வைத்தால் அது உயிருள்ள ஃபேஸ். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கூடங்களில் பேக்கிங் மிஷின் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. மிஷின் மாட்ட வருகிறவர் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். ஒயர் நிறத்தைப் பற்றிச் சொல்வதில்லை.

நிறத்தை நம்பாதே, டெஸ்டரை வை. டெஸ்டரையும் அப்படியே நம்பாதே: முதலில் கரண்டு இருக்கும் இடத்தில் வைத்து எரிகிறதா பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், மறுபடி கரண்டு இருக்கும் இடத்தில் பார். வெயில் வெளிச்சத்தில் நியான் எரிவது கண்ணுக்குத் தெரியாது. கையால் மறைத்துப் பார்க்க வேண்டும்.

*

கடலைமிட்டாய்க் கூடத்தில் கவனித்தவை. பாகு சிந்திய தரையை ஈரத் துணியால் அடிக்கடி துடைக்கிறார்கள், வெறுங்காலோடு. வறுக்கும் இயந்திரத்தின் மோட்டாரையும் அதே ஈரத் துணியால். கடலை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் ஒயர் கடிபட்டிருக்கும். காலை வேலை தொடங்கும் முன் தரையோரம் ஓடும் ஒயரைக் கண்ணால் பார்க்கவேண்டியது யார் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வந்து அடுப்புப் பற்றவைக்கிற ஆள் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

*

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் வந்தது. கரிசலுக்குள் மின்சாரம் பரவியது முக்கியமாகக் கிணற்று மோட்டாருக்காக. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடத்திய விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கோயம்புத்தூர்க்காரர். 1984 டிசம்பரில் உயிர் நீத்தது கோவில்பட்டியில். இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கரண்ட்' என்றே ஒரு கதை எழுதினார். முல்லக்காட்டில் 1986-இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையமே இருக்கிறது. மின்சாரத்தின் விலை, தட்டுப்பாடு, உற்பத்தி மூன்றையும் பற்றி இந்த மண்ணில் எவ்வளவோ பேச்சு நடந்திருக்கிறது. அதைத் தொடுகிற கையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

*

கரிசலில் நட்ட போஸ்ட் மழைக்குச் சாயும். சாய்ந்தால் கம்பி தொய்யும். வயல்வெளியில் 11 கே.வி. வெறுங்கம்பி குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கோடவுனில் சாத்தியிருக்கும் இருபது அடி அலுமினிய ஏணி ஆறு மீட்டர். அதை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடந்தால் போதும். பருத்தி மூட்டை ஏற்றிய லாரியின் உச்சியில் ஏறி நின்று கயிறு இறுக்குகிற லோடுமேன், மக்காச்சோளம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர், எல்லாருக்கும் இந்த ஒரு எண் தெரிய வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதுவும் உயரக் கணக்குத்தான். ஏணியைப் படுக்கவைத்துத் தூக்கு. இது ஒரு வரிப் பாடம், எந்த ஆலையிலும் கேட்டில் வைத்தே சொல்லிவிடலாம்.

*

லைன் கிளியர்.

மின்வாரியத்தில் எல்.சி. வாங்காமல் போஸ்டில் ஏறக் கூடாது. சப்ளையை நிறுத்தி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, கம்பியில் எர்த் ராடு மாட்டிய பின்தான் கை வைக்கலாம். எர்த் ராடு முக்கியம், காரணம் ஜெனரேட்டர். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டர்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. சேஞ்ச் ஓவர் சுவிட்சு போடாமல், இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் குத்திக் கூடத்துக்குக் கரண்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்டு பின்னால் போய் டிரான்ஸ்பார்மரில் ஏறி, 11 கே.வி. ஆகி, எங்கோ போஸ்டில் இருக்கும் ஆளைத் தொடும். அப்படி ஒரு ஒயரைப் பார்த்தால் அதே இடத்தில் வெட்டிப் போடச் சொல்வேன். வகுப்பில் முதலாளியும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். அந்த ஒயரைச் செய்யச் சொல்வது தொழிலாளி அல்ல.

வாரியம் 2021-இல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்த பணியின் பெயரே கேங்மேன் (பயிற்சி). குழி தோண்டுவது, போஸ்ட் நடுவது, கம்பி இழுப்பது அவர்கள் வேலை. லைனில் ஏறுகிற வேலையும் அவர்களிடம் வாங்கப்படுகிறது என்று தொழிற்சங்கங்கள் சொல்லிவருகின்றன. பயிற்சி என்று பெயரில் போட்டால் பயிற்சி கொடுத்தது ஆகாது.

ஆலைக்குள்ளும் எல்.சி. வேண்டும். மோட்டாருக்குள் ஆள் இருக்கும்போது சுவிட்சில் பூட்டு, சாவி அந்த ஆளின் பையில். பூட்டு வாங்கப் பணம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒரு யூனிட்டில் தீப்பெட்டி அட்டையில் சாக்பீஸால் 'ஆள் உள்ளே' என்று எழுதிச் சுவிட்சில் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல எண்ணம். மின்விசிறிக் காற்றில் அட்டை திரும்பி வெறும் பக்கம் தெரிந்தது. இரண்டு பக்கமும் எழுதச் சொன்னேன், பூட்டும் வாங்கச் சொன்னேன்.

*

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 111-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறவும், ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறவும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கு நிர்வாகச் செலவில் அனுப்பப்படவும் தொழிலாளிக்கு உரிமை. உரிமை என்றே எழுதியிருந்தார்கள். 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் பயிற்சி தருவது முதலாளியின் கடமையாக இருக்கிறது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி படிக்கிறார்கள், பேட்ஜ் குத்துகிறார்கள். உரிமை இருக்கிறது என்பதை அன்றைக்காவது தமிழில் சத்தமாக ஒரு முறை படிக்கலாம்.

நாடு முழுவதும் ஆண்டுக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வருஷா வருஷம் இந்த எண் வருகிறது.

*

ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வகுப்பு நடக்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் கையை நிறுத்தவே இல்லை. மடியில் குச்சி, பெட்டி. காது என் பக்கம், விரல் வேலையின் பக்கம். சூப்பர்வைசர் அதட்டினார். அந்தப் பெண் தலையைத் தூக்காமல், "இந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு காசு குடுப்பா அண்ணாச்சி?" என்றார்.

பீஸ் ரேட். அடைத்த பெட்டிக்குக் கூலி. வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மாதச் சம்பளக்காரரான எலக்ட்ரீசியனுக்குப் பயிற்சி இலவசம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது சொந்தக் காசு. பெண்கள் வகுப்புக்கு வருவதில்லை, வந்தாலும் கவனிப்பதில்லை என்று நிர்வாகத்தில் சொல்லும் குறைக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அன்றிலிருந்து வகுப்பு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைப் பேசிவிடுகிறேன். அந்த வாரம் அவரவர் அடைத்த பெட்டியின் மணிக்கணக்குச் சராசரியைப் பார்த்து, வகுப்பு நேரத்துக்கு அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அது தனி வரியாக வர வேண்டும். ஒப்புக்கொண்ட இடங்களில் வகுப்பு வேறு மாதிரி இருக்கிறது: கேள்வி வருகிறது, நெஞ்சை அழுத்திப் பழகக் கீழே மண்டியிட முன்வருகிறார்கள், எங்கள் வீட்டு மிக்ஸியில் ஜிவ்வென்று இழுக்கிறது, அதுவும் இதுதானா என்று விசாரிக்கிறார்கள். மறுத்த இடங்களில் சாப்பாட்டு இடைவேளையில் நடத்திக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் சோறு தின்கிற அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து வரச் சொல்லியிருப்பது ஒரு ஜின்னிங் ஆலை. கூலிப் பேச்சு முடிந்துவிட்டது, எர்த் குழிகளை வகுப்புக்கு முந்தின நாளே திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.